பில்டரை நிப்பாட்டினாலும் நிக்காத சத்தம்

இரவு பன்னிரண்டரை இருக்கும். ஜனவரி மாசம், மல்வேர்ன். வெளியில் மைனஸ் 18. டாப்ஸ்கொட் ரோட்டில் ஸ்னோ தள்ளுற வண்டி போய் முடிந்து தெரு அடங்கிவிட்டது. பேஸ்மென்டில் என்ர மேசைக்குப் பக்கத்தில் இருக்கிற தண்ணீர்த் தொட்டியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. பக்கத்து அறையில் ஆரோ எலெக்ட்ரிக் ஷேவரைப் போட்டுவிட்டு மறந்துபோன மாதிரி, மெல்லிய, விடாத இரைச்சல்.

பில்டர் மோட்டர் போகப்போகுது என்று நினைத்து பிளக்கைக் கழற்றினேன். சத்தம் நிற்கவில்லை. ஹீட்டரைக் கழற்றினேன். லைட்டை. பிறகு லப்டொப்பையும். எல்லாம் இருட்டு. அந்த இருட்டிலும் "ர்ர்ர்ர்" என்று அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. போன் வெளிச்சத்தைத் தொட்டிக்கு அடித்துப் பார்த்தால், மண்சட்டிக்குக் கீழே வடை முன்கால் இரண்டையும் அகட்டி வைத்துக்கொண்டு ஆடாமல் அசையாமல் இருக்குது. சத்தம் வடையிலிருந்துதான்.

வடை ஒரு தவளை. இந்தக் கிழமை எபிசோட் மலிவான சென்சர்களைப் பற்றியது. அதில் நான் "என்ர தவளைக் கமெரா" என்று ஒரு வசனத்தைச் சொல்லிவிட்டு அடுத்த விசயத்துக்கு ஓடிவிட்டேன். எடிட் பண்ணும்போது கேட்டால், அதைத்தான் ஒழுங்காகச் சொல்லியிருக்க வேணும் போல இருந்தது. இது அந்தக் கதை. கொஞ்சம் கவலையான கதையும்தான், முன்னமே சொல்லிவிடுறன்.

போன ஒக்டோபரில் தங்கச்சிக்கு ஒன்பது வயது. அவள் கேட்டது நாய். "மயிர் கொட்டுற ஒண்டும் வீட்டுக்குள்ள வரக்கூடாது" என்று அம்மா சொல்லிவிட்டா. கடைசியில் வந்தது 10 கலன் தொட்டியும் மூன்று ஆபிரிக்கக் குள்ளத் தவளைகளும். "மீன் மாதிரித்தான், ஒரு வேலையும் இல்லை" என்று கடைப் பெடியன் சொன்னான். தங்கச்சி பேர் வைத்தாள்: கொழுக்கட்டை, மோதகம், வடை.

இந்தத் தவளைகளைக் காணாதவர்களுக்கு: விஞ்ஞானப் பெயர் ஹைமனோகைரஸ். சொந்த ஊர் கொங்கோப் பக்கத்து மழைக்காட்டுத் தண்ணீர். வளர்ந்தாலும் மூன்று, நான்கு சென்ரிமீற்றர்தான். வாழ்நாள் முழுக்கத் தண்ணிக்குள்தான், ஆனால் செவுள் கிடையாது, எங்களைப்போல நுரையீரல். ஆகவே கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கால் அம்பு மாதிரி மேலே வந்து ஒரு வாய் காத்தை எடுத்துக்கொண்டு திரும்ப விழும். கடைகளில் இதோடு மாறுப்பட்டு விற்கப்படுகிற இன்னொன்று இருக்கு, நகத் தவளை, செனோபஸ். அது உள்ளங்கை அளவுக்கு வளரும், தொட்டியில் உள்ள மீனையும் தின்னும். வாங்க முதல் முன்கையைப் பாருங்கோ. விரல்களுக்கிடையில் சவ்வு இருந்தால் குள்ளத் தவளை, தனித்தனி விரலாக இருந்தால் நகத் தவளை.

மூன்றாவது கிழமையே பிரச்சினை தொடங்கியது. வடைக்கும் மோதகத்துக்கும் முன்காலுக்குப் பின்னால், அக்குள் பக்கமாக, வெள்ளையாக ஒரு பரு. இரண்டு பக்கமும். கொழுக்கட்டைக்கு இல்லை. அதே கிழமை மோதகத்தின் தோல் மங்கி, மேலெல்லாம் மெல்லிய பால் படிந்த மாதிரி ஆகிவிட்டது. காலில் ஒரு சவ்வுத் துண்டு தொங்கியது. நான் என்ன செய்வேன்? தேடினேன். "தவளை, வெள்ளை, தோல்" என்று தேடினால் வருகிற முதல் சொல் பங்கசு. கைட்ரிட் என்று உலகம் முழுக்கத் தவளைகளை அழித்துக்கொண்டிருக்கிற ஒரு தோல் பங்கசு உண்மையாகவே இருக்கு. 1990களின் கடைசியில்தான் விஞ்ஞானிகள் அதற்குப் பேரே வைத்தார்கள். படங்களைப் பார்த்தேன். எல்லாம் மோதகம் மாதிரியே இருந்தது. இரவு பதினொரு மணிக்கு எல்லா வருத்தமும் எல்லாருக்கும் இருக்கிற மாதிரித்தானே தெரியும்.

மீனுக்கான பங்கசு மருந்து ஒன்றை வாங்கிவந்து, போத்திலில் போட்டிருந்த அளவுக்கே விட்டேன். ஒரு துளி கூட இல்லை. ஆனால் அது மீனின் அளவு. தவளையின் தோல் ஒரு மூடி இல்லை, அது பாதி வாய், பாதி மூக்கு. தண்ணியையும் உப்பையும் அது தோலால்தான் உள்ளே எடுக்கும், ஒக்சிசனிலும் ஒரு பங்கு அப்படித்தான் போகும். தண்ணியில் நான் போட்டது எல்லாம் நேரே உடம்புக்குள். மூன்றாம் நாள் காலமை மோதகம் மிதந்துகொண்டிருந்தது.

தங்கச்சி அழவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. "நீ மருந்து குடுத்தனீ தானே, பிறகேன்?" என்று மட்டும் கேட்டாள். பின்வளவில் நிலம் இறுக முதல் ஒரு பட்டர் டப்பாவில் வைத்துத் தாட்டோம்.

அதற்குப் பிறகுதான் கமெரா வந்தது. கெட்டித்தனத்தைக் காட்ட இல்லை. இனிமேல் பார்க்காமல் ஒன்றும் செய்யக்கூடாது என்று இருந்தது, அவ்வளவுதான். பழைய ராஸ்பெரி பை ஒன்று, இன்ஃப்ராரெட் வடிகட்டி இல்லாத கமெரா, கண்ணுக்குத் தெரியாத வெளிச்சம் தருகிற ஒரு சிறிய எல்ஈடி வரிசை. அசைவு இருந்தால் பதிவு செய்யும், இல்லாவிட்டால் நித்திரை. ஒவ்வொரு காலமையும் கோப்பியோடு இரவுக் கிளிப்புகளைப் பார்ப்பேன்.

நாலாம் நாளே மோதகத்துக்கு வந்த "வருத்தம்" வடைக்கு வந்தது. இந்த முறை கையைக் கட்டிக்கொண்டு பார்த்தேன்.

முதலில் நிறம் மங்கியது. பிறகு கொட்டாவி விடுகிற மாதிரி வாயைத் திறந்து திறந்து மூடியது. முதுகை வளைத்து, பின்காலை ஒவ்வொன்றாக நீட்டி, உடம்பை உரஞ்சியது. முதுகில் தோல் விட்டுக்கொண்டது. பிறகு, ஸ்வெட்டரைத் தலைக்கு மேலால் கழற்றுகிற மாதிரி, கண்ணாடித்தாள் போன்ற முழுத் தோலையும் முன்னால் இழுத்து வாய்க்குள் தள்ளியது. கைவிரல் பகுதி கடைசியாக வந்தது, கையுறை மாதிரி, விரல் விரலாக. விழுங்கியது. எல்லாம் சில நிமிசம். அதற்குப் பிறகு வடை பளபள என்று, கழுவின கத்தரிக்காய் மாதிரி இருந்தது.

கிளிப்பை அம்மம்மாவுக்குக் காட்டினேன். "சட்டை கழட்டுது" என்றா. பாம்புக்குச் சொல்கிற அதே சொல். பிறகு அது தோலைத் தின்னுற இடம் வந்ததும், "சீ, கழட்டின சட்டையைத் தின்னுது பார்" என்று முகத்தைச் சுழித்தா.

நாங்களும்தான் தோலைக் கழற்றுகிறோம். நாங்கள் தூசியாகக் கொட்டுகிறோம், வீட்டைக் கூட்டுறவைக்குத் தெரியும். தவளை ஒரே துண்டாகக் கழற்றுகிறது. கழறுவது மேலே உள்ள மிக மெல்லிய செத்த படை மட்டும், ஒன்றிரண்டு கலங்களின் தடிப்பு. கீழே புதுத் தோல் ஏற்கெனவே தயாராக இருக்கும். தின்பதும் வீண்போகாத கணக்கு: அதுவும் புரதம்தானே. இதிலே எனக்கு மிகவும் பிடித்தது வேறொரு விசயம். அவுஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்துப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் கரும்புத் தேரைகளின் தோலில் வாழ்கிற பக்றீரியாக்களை எண்ணிப் பார்த்து 2012இல் எழுதினார்கள். தோல் கழற்றியதும் அந்த எண்ணிக்கை சடாரென்று விழுந்துவிடுகிறது. அதாவது தோல் கழற்றுவது வளர்வதற்காக மட்டும் இல்லை, குளிக்கிற மாதிரியும்தான். கைட்ரிட் பங்கசையும் சில இனங்கள் இப்படித்தான் கொஞ்சமாவது உதறிவிடுகின்றன. நான் வருத்தம் என்று நினைத்தது, வருத்தம் வராமல் இருக்க அது செய்த வேலை.

பருவும் பரு இல்லை. அது ஆண் தவளையின் சுரப்பி. வயதுக்கு வந்த ஆணுக்கு மட்டும், இரண்டு அக்குளுக்கும் பின்னால், வெள்ளையாகவோ இளஞ்சிவப்பாகவோ வரும். கொழுக்கட்டைக்கு அது இல்லாததற்குக் காரணம் கொழுக்கட்டை பெண். அவள்தான் பெரிசு, வயிறு உருண்டை, வால் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு சிறிய மொட்டு. மூன்று தவளையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே விளங்கியிருக்கும். ஆம்பிளையாக இருந்ததற்கு மோதகத்துக்கு மருந்து கொடுத்திருக்கிறேன்.

ஆனால் எல்லாம் நல்லபடி இல்லை. பதிவுகளில் இன்னொன்று தெரிந்தது. வடையும் கொழுக்கட்டையும் மூன்று, நான்கு நாளுக்கு ஒருக்கால் தோல் கழற்றிக்கொண்டிருந்தன. குள்ளத் தவளை வளர்க்கிற பழையவர்கள் சொல்வது கிழமைக் கணக்கு. வெப்பம் கூடினால் இடைவெளி குறையும், ஆனால் என்ர ஹீட்டர் 25 பாகையில் நின்றது. அடிக்கடி கழற்றினால் தோலுக்கு ஏதோ எரிச்சல். தோலைச் சுற்றி இருப்பது தண்ணி.

தண்ணியை நான் மாற்றிய விதம் சித்தப்பா சொல்லித்தந்தது. அவர் கொழும்பில் மீன் வளர்த்தவர். "பைப் தண்ணியை வாளியில பிடிச்சு ஒரு இரவு வை. குளோரின் தானாப் போயிடும்." பிழையான அறிவுரை இல்லை, பிழையான ஊர். வெறும் குளோரின் திறந்த வாளியிலிருந்து ஆவியாகிப் போய்விடும்தான். ஆனால் ரொறன்ரோவில் ஒன்ராறியோ ஏரித் தண்ணியைச் சுத்தம் பண்ணின பிறகு, நீண்ட குழாய்களில் கடைசி வீடு மட்டும் கிருமி வராமல் இருக்கவேணும் என்று குளோரினோடு அமோனியாவையும் சேர்க்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரமின். அது வேண்டுமென்றே உறுதியாகச் செய்யப்பட்டது, ஒரு இரவில் போகாது. நாங்கள் குடித்தால் வயிறு அதைச் சமாளிக்கும். தோலால் குடிக்கிற பிராணிக்கு அப்படியில்லை. டயலிசிஸ் செய்கிற இடங்களில்கூடக் குளோரமினைத் தனியாக வடிகட்டித்தான் தண்ணியைப் பாவிப்பார்கள், ஏனென்றால் அங்கே தண்ணி இரத்தத்துக்குப் பக்கத்தில் போகிறது.

அப்போ நான் கிழமைக்கு இரண்டு முறை, மிகுந்த அக்கறையோடு, புதுக் குளோரமின் ஊற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். தோல் மங்குது, சுத்தமில்லைப் போல என்று இன்னும் கூட மாற்றியிருக்கிறேன். பதிவுகளையும் தண்ணி மாற்றிய திகதிகளையும் ஒரே வரைபில் போட்டபோது வயிற்றைப் பிசைந்தது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் அடுத்த நாளோ இரண்டாம் நாளோ ஒரு தோல் கழற்றல். ஒரு ஆறாம் வகுப்புப் பிள்ளையும் கண்டுபிடிக்கக்கூடிய கோடு.

திருத்தம் சில டொலர்தான். குளோரமினை முறிக்கும் என்று போத்திலில் தெளிவாக எழுதியிருக்கிற தண்ணி கண்டிஷனர். அதை முறித்தால் அமோனியா மிஞ்சும், அதையும் கட்டிவைக்கிற வகையாகப் பார்த்து வாங்கவேணும். மிச்சத்தை பில்டரில் வளர்கிற பக்றீரியா பார்த்துக்கொள்ளும், அதற்கு ஒரு மாசம் மட்டில் பொறுமை வேணும். டிசம்பர் கடைசியில் இடைவெளி எட்டு நாளானது. பிறகு பதினொன்று. சித்தப்பாவுக்குச் சொன்னேன். "எங்கட காலத்துத் தண்ணி நல்ல தண்ணியடா" என்றார். விவாதிக்கவில்லை.

இனி அந்த ஜனவரி இரவுக்கு வருவம்.

அன்று பின்னேரம் நான் ஒரு பெரிய தண்ணி மாற்றம் செய்தேன். பாதிக்குக் கிட்ட இறக்கிவிட்டு, அதை இரண்டு மணித்தியாலம் அப்படியே விட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் சூடான புதுத் தண்ணியால் நிரப்பினேன். சூடு கூடினது கவனயீனம். குள்ளத் தவளைகளைப் பெருக்க விரும்புகிறவர்கள் இதை வேண்டுமென்றே செய்வார்கள் என்று பிறகுதான் வாசித்தேன். தண்ணி வற்றி, பிறகு மட்டம் உயர்ந்தால் என்ன அர்த்தம்? மாரி தொடங்கிவிட்டது. வெளியில் மல்வேர்ன் முழுக்க ஐஸ், உள்ளே 10 கலனில் மழைக்காலம்.

வடை கத்தினது அதனால். அடுத்த நாள் பின்னேரம் மேலே சமையல் அறையில் நின்ற எனக்குத் தங்கச்சியின் குரல் கேட்டது. "அண்ணா! வடை கொழுக்கட்டையைக் கொல்லுது!"

ஓடிப்போய்ப் பார்த்தேன். வடை கொழுக்கட்டையின் இடுப்பை, பின்கால்களுக்குச் சற்று முன்னால், இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்திருந்தது. கொழுக்கட்டை அசையவில்லை. கால்கள் தொய்ந்து செத்த மாதிரி. ஏற்கெனவே ஒன்றைத் தாட்டிருக்கிறோம். நான் வலையை எடுத்தேன், பிரித்துவிட. லப்டொப்பில் ஓடிக்கொண்டிருந்த, நான் பெருமையாக எழுதின, அசைவுகளை வகைப்படுத்துகிற நிரலோ, இரண்டு தவளையையும் சேர்த்து "தவளை: 1" என்று காட்டிக்கொண்டிருந்தது.

பின்னால் அம்மம்மா படியில் ஒவ்வொரு காலாக இறங்கி வந்தா. மூக்குக்கண்ணாடியைத் தூக்கி ஒரு பார்வை. "உது சண்டையில்லை மோனை. உவை சோடி சேருகினம். வலையை அங்கால வை."

அம்மா மேலேயிருந்து, "சின்னப்பிள்ளைக்கு முன்னால என்ன கதை உது?"

"அவளின்ர தவளைதானே, அவள் பாக்கட்டும்" என்றா அம்மம்மா. அவ கரவெட்டியில் வளர்ந்தவ. மாரி தொடங்கினால் கேணியடியில் ஆயிரம் பார்த்திருப்பா. ஒரு வித்தியாசத்தையும் அவதான் சொன்னா: ஊர்த் தவளை கமக்கட்டுக்குக் கீழே பிடிக்கும், இது ஏன் இடுப்பைப் பிடிக்குது? சரியான கேள்வி. தண்ணியிலேயே வாழ்கிற இந்தக் குடும்பத்துத் தவளைகள், செனோபஸ் உட்பட, இடுப்பைத்தான் பிடிக்கும். மற்றத் தவளைகளில் பெரும்பாலானவை அக்குளை. தங்கச்சி கேட்ட கேள்விகளுக்கும் நான் ஒவ்வொன்றாகப் பதில் சொன்னேன். எங்கட வீட்டில் இந்த விசயம் சத்தமாகக் கதைக்கப்பட்டது அதுதான் முதல் தடவை என்று நினைக்கிறேன்.

பிடி இரவு முழுக்க நீண்டது. கமெராவுக்கு முன்னால் நானும் இருந்தேன். ஜார்ஜ் ராப், மேரி ராப் என்ற தம்பதி 1963இல் இதே இனத்தைத் தொட்டியில் வைத்துப் பார்த்து விரிவாக எழுதியிருக்கிறார்கள். அவர்கள் எழுதிய நடனம் அப்படியே நடந்தது. பெண் கீழேயிருந்து, முதுகில் ஆணைச் சுமந்துகொண்டு மேலே நீந்தும். மேல்மட்டத்துக்குக் கிட்ட வந்ததும் இரண்டும் மல்லாக்காகப் புரளும். பெண்ணின் பின்பக்கம் தண்ணிக்கு வெளியே எட்டுகிற அந்த ஒரு கணத்தில் சில முட்டைகள், அதே கணத்தில் ஆண் அவற்றைக் கருக்கட்டச் செய்யும். திரும்பக் கீழே. கொஞ்சம் ஓய்வு. திரும்ப மேலே. மணித்தியாலக் கணக்கில். காலமை தண்ணியின் மேல் கசகசா தூவின மாதிரி நூற்றுக்கணக்கான முட்டைகள் மிதந்தன.

கொழுக்கட்டை தொய்ந்துபோய்க் கிடந்ததும் அந்தக் கதையின் ஒரு பகுதிதான். முட்டை இல்லாத, விருப்பமில்லாத பெண் உடம்பை விறைக்க வைத்தோ தொய்ய விட்டோ, நடுங்கியோ "விடு" என்று சொல்லும். ஆண் பெரும்பாலும் விட்டுவிடும். சில நேரம் விடாது. தொடர்ந்து ஒரு நாளுக்கு மேல் பிடித்துப் பெண் காத்தெடுக்க மேலே வர முடியாமல் களைத்தால் மட்டும் தலையிடவேணும் என்பது என்ர இப்போதைய விதி. இழுத்துப் பிரிக்கக் கூடாது, தோலும் காலும் கிழியும்.

சத்தத்தைப் பற்றியும் சொல்லவேணும், இது கேட்கிறவர்களுக்கான செய்திமடல் தானே. பழைய கிற்றார் பிக்கப் போல ஒரு பீசோ தட்டை எடுத்து, ஈரம் போகாமல் எபொக்சியால் பூசித் தொட்டிக்குள் இறக்கினேன். சில டொலர் ஹைட்ரோபோன். ஹெட்போனில் வடையின் குரல் ஷேவர் இல்லை, தனித்தனித் தட்டல்கள் வேகமாக அடுக்கப்பட்டது. தரைத் தவளை காத்தைத் தொண்டையால் தள்ளிக் கத்தும், தொண்டைப் பை ஊதும். தண்ணித் தவளைக்கு அந்தப் பையும் இல்லை, காத்தும் வெளியே போகாது. நகத் தவளையில் நியூயோர்க் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தின் டார்சி கெல்லி பல வருடம் இதைப் படித்தவர்: குரல்வளைக்குள் இரண்டு கசியிழையத் தட்டுகள், தசை அவற்றை வெடுக்கென்று பிரிக்கும்போது ஒரு 'கிளிக்'. அவ்வளவுதான். அவருடைய குழு 1998இல் சொன்ன ஒன்று எனக்கு மறக்காது. நகத் தவளையில் பெண்ணும் பேசும். விருப்பமென்றால் வேகமான தட்டல், ஆண் அதற்குப் பதில் பாடும், இரண்டும் சேர்ந்து ஒரு சோடிப் பாட்டாகும். விருப்பமில்லை என்றால் மெதுவான 'டிக்… டிக்… டிக்'. "இல்லை" என்பதற்குத் தவளையிடம் ஒரு தனி ரிதம் இருக்கு.

செனோபஸ் என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், உங்களில் பலருக்கு அந்தப் பேர் வேறு இடத்தில் தெரியும். 2020இல் வந்த செனோபொட் இந்தத் தவளைக் கருவின் கலங்களில் செய்யப்பட்டது. எந்தக் கலத்தை எங்கே வைப்பது என்று சூப்பர் கொம்பியூட்டர் வடிவமைத்தது. ஆனால் இந்தத் தவளை ஆய்வுகூடத்துக்கு வந்து சேர்ந்ததே அதன் முட்டையிடுகிற பழக்கத்தால்தான். 1930களில் லான்சலொட் ஹொக்பனும் தென்னாபிரிக்காவில் இருந்த மற்றவர்களும் கண்டுபிடித்தது: கர்ப்பிணிப் பெண்ணின் சிறுநீரைப் பெண் நகத் தவளைக்கு ஊசியாகப் போட்டால், பெரும்பாலும் அரை நாளுக்குள் தவளை முட்டையிடும். கர்ப்பமில்லையென்றால் இடாது. முயலை வைத்துச் செய்த பழைய சோதனையில் முயலைக் கொல்லவேணும், தவளையைத் திரும்பப் பாவிக்கலாம். ஏறக்குறைய 1960கள் வரை உலகமெங்கும் ஆஸ்பத்திரிகளில் தவளைத் தொட்டிகள். 1947இல் ஆர்ஜென்ரீனாவின் கல்லி மைனினி உள்ளூர் ஆண் தேரையே போதும் என்று காட்டினார். இந்தியாவில் வீட்டு முற்றத்துத் தேரையை வைத்தே அந்தச் சோதனையைச் செய்தார்கள். அம்மம்மாவுக்கு இதைச் சொன்னபோது அவ நம்பவில்லை. பிறகு யோசித்துவிட்டு, "அப்ப தேரைக்குத்தான் முதல்ல தெரிஞ்சிருக்கும்" என்றா.

ஹோர்மோனை இப்போதும் பாவிக்கிறார்கள், மறுபக்கமாக. எங்கட வீட்டிலிருந்து பத்து நிமிசம் கார் ஓடினால் வருகிற ரொறன்ரோ மிருகக்காட்சிசாலை, அழிந்துகொண்டிருக்கிற புவர்ட்டோ ரிக்கோக் கொண்டைத் தேரையைப் பெருக்கி அதன் தலைப்பிரட்டைகளை அந்தத் தீவுக்கு அனுப்புகிற திட்டத்தில் இருக்கிறது. அந்தத் தேரையைச் சோடி சேர்க்க மழை அறையும் ஹோர்மோன் ஊசியும் வேணும். எனக்கு ஒரு வாளி சுடுதண்ணி போதுமாக இருந்தது.

முட்டைகளில் பாதியைத் தாயும் தகப்பனுமே காலமைச் சாப்பாடாக்கி விட்டார்கள். மிச்சத்தைக் கரண்டியால் அள்ளி ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் போட்டோம். இரண்டாம் நாள் பொரித்தன. ஊரில் இதை வாற்பேத்தை என்பார்கள், தங்கச்சிக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. கமா அளவு உடம்பு, சில நாள் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டே இருந்தன. மற்றத் தலைப்பிரட்டைகள் பாசியைச் சுரண்டும். இவை வேட்டைக்காரர். ஸ்டீபன் டெபனும் வென்டி ஒல்சனும் 2002இல் நேச்சர் இதழில் காட்டியது போல, மீன் மாதிரி வாயைக் குழாயாக நீட்டி இரையை உறிஞ்சி எடுக்கும். ஆகவே உயிருள்ள, கண்ணுக்குத் தெரியாத அளவு தீனி வேணும், ஒவ்வொரு நாளும். நான் பிறைன் இறால் பொரிக்க வைக்கப் பழகினேன். முதல் கிழமையிலேயே கனக்கச் செத்துப்போயின. ஒவ்வொரு நாளும் எண்ணி எழுதுகிற வேலை தங்கச்சியுடையது. 140 என்று தொடங்கின கொப்பி, 61, 22, 9.

அம்மாவின் பிரச்சினை வேறு. தொட்டி வாளியை நான் சமையலறை சிங்கில் கழுவுவதைக் கண்டுவிட்டா. இதில் அம்மா சொன்னது சரி. 2009க்கும் 2011க்கும் இடையில் அமெரிக்காவில் 42 மாநிலங்களில் 241 பேருக்கு சல்மொனெல்லா வந்தது, காரணம் இதே குள்ளத் தவளைகள், கூடுதலானவர்கள் சின்னப்பிள்ளைகள். தவளையைத் தொடாமலே, தொட்டித் தண்ணியால் வரும். இப்போது வாளிக்கு பேஸ்மென்ட் லோன்றி சிங், கைக்குச் சவர்க்காரம், தங்கச்சிக்கு எழுதி ஒட்டின ஒரு விதி. அடுத்த விதியும் அங்கேதான் ஒட்டியிருக்கு: மிஞ்சினதை ஆற்றில் விடக்கூடாது. ரூஜ் பூங்கா பக்கத்தில் இருக்கிறபடியால் ஒரு சினேகிதன் அதைத்தான் சொன்னான், "அதுகள் சந்தோசமா இருக்கட்டும்". முதல் குளிரிலேயே செத்துப்போகும், அதற்கு முதல் தங்கள் தோலில் இருக்கிறதை அங்குள்ள தவளைகளுக்குக் கொடுத்துவிட்டும் போகலாம். கைட்ரிட்டை இந்த இனமும் காவிக்கொண்டு திரியக்கூடியது.

மார்ச் கடைசியில் நான்குக்குப் பின்கால், பிறகு முன்கால், பிறகு வால் சுருங்கியது. நான்கு. கொப்பியின் கடைசி இலக்கம் அது. தங்கச்சி இரண்டைத் தன் வகுப்புச் சினேகிதிக்குக் கொடுத்தாள், கண்டிஷனர் போத்திலோடு. மற்ற இரண்டில் ஒன்றுக்கு மோதகம் என்று பேர் வைக்கலாமா என்று என்னைக் கேட்டாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. வைத்துவிட்டாள்.

நேற்று அந்தச் சின்ன மோதகத்தின் தோல் மங்கியிருந்தது. ஒரு சவ்வு காலில் தொங்கியது. தங்கச்சி கூப்பிட்டாள், நான் கீழே போய்ப் பக்கத்தில் இருந்தேன். அவள் கொப்பியில் திகதியை எழுதினாள். கழற்றி முடிய ஆறு நிமிசம் எடுத்தது.